சபையின் கோட்டு

...இல்லை, முதலில் கோட்டைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும், கடுதாசி பிறகு, கோட்டைப் பார்த்ததும் பூரணியின் தாய் வீரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும், அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் கடுதாசியை விரித்து, பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து, அமுக்கி... சே, என்ன யோசனை இது, தீனியைத் தூவிவிட்டுக் கோழி பிடிக்கிறவன் யோசனை, டேய் செல்லசாமி, நீ என்ன களவாணித்தனம் பண்ணவா போகிறாய், ஒரு பிள்ளையைச் சீமைக்குப் படிக்க அனுப்பத்தானே போகிறாய், பிறகு ஏன் உள்ளங்கை இப்படி வேர்க்கிறது, ஹட்டனில் பஸ் ஏறும்போதும் குளிர், டிக்கோயா தாண்டியும் குளிர், பக்கத்து சீட்டுக்காரர் காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்கு மட்டும் வேர்க்கிறது, மடியில் கிடக்கிற கோட்டினால்தான் இருக்கும், என்ன கனம், சுத்தமான கம்பளி, சபைத் தலைவர் கணேசமூர்த்தி ஐயா தன் ஜவுளிக்கடைக்குக் கொழும்பிலிருந்து தருவித்ததில் தானே பொறுக்கியெடுத்துக் கொடுத்தது, கறுப்பு நிறம், முழங்காலுக்குக் கீழே இறங்கும், கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் சபையின் பெயரை வெள்ளை நூலில் என் மனைவி ஜெயலெட்சுமி தைத்துக் கொடுத்தாள், ஹட்டன் மேற்படிப்பு ஊக்குவிப்புச் சபை, பல்கலைக்கழகப் பிள்ளைகளை வெளிநாடு போய்ப் படிக்கத் தூண்டி, விண்ணப்பம் எழுதி, கடிதம் டைப் அடித்து, கப்பல் ஏறுகிறவரை கூடவே நிற்கிற சபை, அதற்குச் செயலாளர் நான், வாரத்தில் ஐந்தரை நாள் ஒரு புரக்டர் கந்தோரில், அதாவது வக்கீல் ஆபீசில், டைப்பிஸ்ட், மீதி ஒன்றரை நாள் செயலாளர். போகிற பிள்ளை இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டும், அங்கே சொந்தக் கோட்டு வாங்கியதும் இதை அடுத்த பிள்ளைக்காகப் பார்சலில் திருப்பி அனுப்பிவிட வேண்டும், சபை விதி எண் ஒன்பது, விதியை எழுதியதும் நான்தான், எழுதுவதற்கு என்ன, நான் எதைத்தான் எழுதவில்லை.

பூரணி கெட்டிக்காரப் பிள்ளை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற வீரம்மாவுக்கும் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மாயாண்டிக்கும் மூத்த மகள், பேராதனையில் தாவரவியல் முடித்துவிட்டாள், முதல் வகுப்பு, லயத்துக் காம்பராவிலிருந்து, அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளிலிருந்து, அங்கே போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதில் பெண்பிள்ளை என்றால் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான், இப்போது இங்கிலாந்திலிருந்து இடமும் கொடுத்துப் புலமைப்பரிசிலும் கொடுத்து வா என்கிறார்கள், தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போட்டுக் கருக்குகிற நோயை ஆராய, செப்டம்பரில் அங்கே இருக்க வேண்டும், எல்லாம் தயார், பாஸ்போட்டைத் தவிர. பாஸ்போட்டுக்கு ஒரு நாடு வேண்டுமே! மாயாண்டி குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டது ஐம்பத்தொன்றில், இது அறுபத்தொன்று, பத்து வருசம் தூங்கிவிட்டு வருகிற பதினாலாம் தேதிதான் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவரை பிரஜையும் இல்லை, அந்நியனும் இல்லை. ஆனால் இந்தியப் பாஸ்போட் கிடைக்கும், கண்டியில் இருக்கிற இந்தியக் கந்தோரில் பேசியாயிற்று, ஏனென்றால் பூரணி பிறந்தது முசிறியில், அங்கிருந்து பிறப்புப் பதிவும் தபாலில் வந்துவிட்டது, இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி, தாயின் சத்தியக் கடுதாசி, 'இவளை நான் முசிறியில் என் தாய்வீட்டில் பெற்று, பதினாலு மாதம் அங்கேயே இருந்துவிட்டு இலங்கைக்குத் திரும்பினேன்', கீழே வீரம்மாவின் கைநாட்டு. அவ்வளவுதான். அந்த இரண்டு வரிதான் என் சட்டைப் பையில் இருந்துகொண்டு என்னைக் கொல்கிறது.

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" கொண்டக்டர் எல்லாரையும் முன்னால் நகரச் சொல்லிக் கத்துகிறான், எங்கே நகர்வது, முன்னாலும் ஆள்தான் பின்னாலும் ஆள்தான், ஒரு வளைவுக்கு எல்லாரும் என் மேல் சாய்கிறார்கள், அடுத்த வளைவுக்கு நான் எல்லார் மேலும் சாய்கிறேன், கோட்டு கசங்கிவிடப் போகிறது... அன்றைக்கும் இப்படித்தான் கூட்டம், ஐம்பத்தொன்றில், மனுக்கொடுக்கக் கடைசித் தேதி நெருங்க நெருங்க நோர்வூட் கடைவீதியில் ஒரு சாக்குப் படுதாவுக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து எழுதினேன், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு நூறு குடும்பம் நூற்றைம்பது குடும்பம், சும்மாதான் எழுதிக் கொடுத்தேன், அந்தப் பெருமை வேறு எனக்கு, அப்போது முப்பது வயது, கை வேகம், கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடையை எழுதிவிடுவேன். வீரம்மா வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒன்று, தலைமேல் மழையில் நனைந்த கொங்காணிப் போர்வை, 'ஒரு வருசத்துக்கு மேல தொடர்ந்து வெளிய போயி இருந்திருக்கியாம்மா, இந்தியாவுல கிந்தியாவுல?' என்று கேட்டேன், 'இல்லைங்கய்யா, நான் எங்க போனேன், பேர் பதிஞ்ச நாள்லேர்ந்து இந்தத் தோட்டந்தான்' என்றாள். அப்படிப் போயிருந்தால் மனு நிற்காது, 'இல்லை' என்று எழுதினேன். பிள்ளைகள் எங்கே பிறந்தவை என்று அடுத்த கேள்வி, அதைக் கேட்கவே இல்லை, ஐந்தும் தோட்டம் என்று நானே எழுதிக்கொண்டேன், வரிசை நீளமாக இருந்தது, மழை வேறு.

அவள் பொய் சொன்னாளா? எங்கே சொன்னாள்! தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதை யாராவது ஊரைவிட்டுப் போனதாகச் சொல்வார்களா, வளையல் போட்டு, ஏழாம் மாதத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள், பிள்ளையோடு திரும்பி வருவாள், அது முறை, இங்கிருந்து ராகலைக்குப் போகிறவளும் போகிறாள், தலைமன்னாரில் கப்பலேறி முசிறிக்குப் போகிறவளும் போகிறாள், இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது என்பதெல்லாம் நம் பெண்டுகளுக்கு ஒரு கணக்கா, போன இடத்தில் அவள் தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போய் நாலு மாதம் ஆறு மாதமாகி, பதினாலு மாதமாகிவிட்டது. இது எனக்கு எப்போது தெரியும், இந்த மாசியில்தான் தெரியும், பூரணி என் கந்தோருக்கு வந்து உட்கார்ந்து பாஸ்போட்டுக்கு என்ன சார் செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தவள், பேச்சோடு பேச்சாக, 'நான் முசிறியிலதான் சார் பொறந்தேன், தலைப்பிள்ளைல்ல' என்றாள், நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன், அட! வழி பிறந்துவிட்டதே! அன்றைக்கே முசிறிக்குக் கடிதம் எழுதினேன், பதிவு வந்தது, கண்டிக்கு எழுதினேன், சத்தியக் கடுதாசி கேட்டார்கள், அதையும் நானே எழுதினேன், பதினாலு மாதம் என்று எழுதும்போதுதான், பதினாலு என்ற இடத்தில்தான், பேனா நின்றது. படுதா, மழை, இடுப்பில் பிள்ளை, 'இல்லை'. அந்த மனு என் கையெழுத்து. இந்தக் கடுதாசியும் என் கையெழுத்து. இரண்டையும் யாராவது ஒருத்தன் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் மாயாண்டி, வீரம்மா, கீழே நாலு பிள்ளைகள், ஆறு பேரின் மனுவும் பொய் மனு, முடிந்தது கதை.

யார் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? அது வேறு கந்தோர், இது வேறு கந்தோர்... பார்ப்பார்கள், நிச்சயமாகப் பார்ப்பார்கள், மகள் என்ன செய்கிறாள் என்பதுதான் விசாரணையில் முதல் கேள்வியாக இருக்கும், சீமைக்குப் போகிறாள் என்றால் எந்தப் பாஸ்போட்டில் என்பது இரண்டாவது, இந்தியாவில் இருக்கிற ஊருக்கு ஐந்து ரூபாய் மணியார்டர் அனுப்பியதற்கே மனுவைத் தள்ளியவர்கள், இதை விடுவார்களா? எனக்குத் தெரியும், எங்கள் புரக்டரின் கட்டுகளில் தள்ளுபடியான மனுக்களை நான்தான் அடுக்கி வைக்கிறேன். என்னுடையது தள்ளுபடியாகவில்லை, ஐம்பத்து மூன்றிலேயே பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டது, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன், என் மனுவை எழுதும்போது மட்டும் நான் அவசரப்படவில்லை, ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தரம் படித்தேன், ஆமாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன், இப்போது என்ன அதற்கு.

கண்டியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை நிலையம் வைத்திருக்கிற யோகேஸ்வரி அம்மாவிடம் போய் நின்றேன், யாழ்ப்பாணத்து அம்மா, தங்கமான மனுசி, லண்டனில் படித்தவர், எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது, பெற்றோரிடம் விளக்கலாமா என்று மட்டும் கேட்டேன். "பிள்ளையளைப் பயப்படுத்தாதேங்கோ செல்லசாமி, உற்சாகப்படுத்துங்கோ, எங்கட வேலை அதுதான், சிக்கல் எல்லாம் பிறகு பாத்துக்கொள்ளலாம்" என்றார். அவருக்கு என்ன தெரியும், அவர் போனார், படித்தார், வந்தார், அவருக்குக் கடல் போக வர ஒரு பாதைதானே. தலைவர் கணேசமூர்த்தி ஐயா அதற்கு மேல், "என்னய்யா செல்லசாமி, சபை ஆரம்பிச்சு ஆறு வருசம் ஆச்சு, இதுவரைக்கும் ஒருத்தனத்தான் அனுப்பியிருக்கோம், கோட்டு அலமாரியில கெடந்து பூச்சி அரிக்குது, இந்தப் புள்ளையாச்சும் போகணும்யா" என்று என் தோளில் தட்டினார். தட்டின இடம் இன்னும் கனக்கிறது. ஆறு வருசத்தில் எத்தனை பேச்சு பேசியிருப்பேன், பாடசாலை பாடசாலையாக ஏறி, 'பிள்ளைகளே, உலகம் பெரியது, இந்த மலைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது' என்று, கைதட்டுவார்கள், பேசிவிட்டு இறங்கும்போது நெஞ்சு ஒரு சாண் உயர்ந்திருக்கும், ஒருத்தனாவது எழுந்து, போனால் திரும்பி வரலாமா என்று கேட்டதில்லை.

சின்னராசா கேட்டான். வட்டகொடைப் பையன், நாங்கள் முதல்முதலில் அனுப்பியவன், ஐம்பத்தாறில் இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சீமைக்குக் கப்பலேறினான், எந்திரவியல், இந்தியப் பாஸ்போட், அதுதான் சுலபம் என்று வழி சொன்னது நான். இரண்டு வருசம் கழித்து அவன் தாய் காளியாயிக்கு வயிற்றில் கட்டி, கடைசி, மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள், அவன் அங்கிருந்து இங்கே வருவதற்கு அனுமதி கேட்டு எழுதினான், அந்நியன், விசா வேண்டும், காத்திரு என்றார்கள், காத்திருந்தான், காளியாயி காத்திருக்கவில்லை. வட்டகொடை லயத்துக்கு நான்தான் போய் நின்றேன், மகன் நிற்க வேண்டிய இடத்தில் சபைச் செயலாளர் நின்றேன், படிப்பு முடிந்து அவன் சென்னைக்குப் போய் வேலையில் சேர்ந்தான், இந்த மலையை இன்னும் அவன் பார்க்கவில்லை. கோட்டு மட்டும் திரும்பி வந்தது, விதி எண் ஒன்பதின்படி, துவைத்து, பொத்தான் மாற்றி, ஒழுங்காக மடித்து, உள்பையில் ஒரு துண்டுச் சீட்டு, 'அண்ணே, கோட்டு வருகிறது, நான் வர முடியாது. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?' ஐயோ, எனக்கும் தெரியாதே தம்பி, சத்தியமாகத் தெரியாது, ஐம்பத்தாறில் யாருக்குத் தெரியும்... சபையில் யாரிடமும் அந்தச் சீட்டைக் காட்டவில்லை, அந்த உள்பையிலேயே விட்டு வைத்திருந்தேன், இன்று காலைதான் எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன், பூரணி கையை விட்டுப் பார்த்தால் வீணாகப் பயந்துபோவாளே. ஆண்டறிக்கையில் 'சபையின் பெருமுயற்சியால் வெளிநாடு சென்றோர்: ஒருவர்' என்று வருசா வருசம் டைப் அடிக்கிறேன், பொய் இல்லையே, சென்றார்தானே.

நோர்வூட் பாலம் தாண்டியாயிற்று, அந்த மேசை போட்ட இடத்தில் இப்போது ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லிவிட வேண்டியதுதான். ஆமாம், சொல்லிவிடுகிறேன், போனதும் உட்கார்ந்து, 'இங்க பாரும்மா, இந்தக் கடுதாசியில கைநாட்டு வச்சா பூரணி போகலாம், ஆனா உங்க ஆறு பேரோட மனுவும் விழுந்துடும், பூரணியும் திரும்ப வர்றது கஷ்டம், ஐம்பத்தொண்ணுல நான் சரியா கேக்கல, தப்பு என்னோடது, இனி நீங்களே முடிவு பண்ணுங்க', நாலு வாக்கியம், நாக்கு அழுகியா போய்விடும்? ஆனால் அப்படிச் சொன்னால் எந்தத் தாய் கைநாட்டு வைப்பாள்? வைக்க மாட்டாள். பூரணி என்ன செய்வாள், ஏதோ ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் வேலை கேட்டால்கூடப் பிரஜையா என்று கேட்பார்கள், முதல் வகுப்பை வைத்துக்கொண்டு கூடை மாட்டுவாளா... அப்படியென்றால் சொல்லாமல் இருப்பதுதானே அந்தப் பிள்ளைக்கு நல்லது? மனு எப்படியும் விழத்தான் போகிறது, பத்துக்கு ஒன்பது விழுகிறது, விழப்போகிற மனுவுக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையை... பத்தில் ஒன்று விழாமலும் போகிறதே, என்னுடையது விழவில்லையே. முருகா, இந்த ரோட்டுக்கு இன்னும் எத்தனை வளைவு வைத்திருக்கிறாய்.

இறங்கிவிட்டேன். மலைச்சரிவில் குறுக்குப் பாதையில் கால் மணி ஏற்றம், கோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி, ஞாயிற்றுக்கிழமை என்பதால் மலையில் ஆளில்லை, லயத்து வாசலில் துணி காய்கிறது, யாரோ ஒருத்தி குழாயடியில் பிள்ளைக்குத் தலை தேய்த்துவிடுகிறாள், நாலாவது காம்பரா, மாயாண்டி வெளியே நின்று என்னைப் பார்த்ததும் தோள் துண்டை இடுப்பில் கட்டினார். "வாங்கய்யா வாங்க, மழைக்கு முந்தி வந்துட்டீங்க." வீரம்மா உள்ளேயிருந்து பாயை உதறிப் போட்டாள், பத்து வருசத்தில் ஆள் பாதியாகிவிட்டாள், கூடைக் கயிறு இழுத்து இழுத்து நெற்றிக்கு மேலே முடி உதிர்ந்த தடம், ஆனால் கண் அதே கண், எடுத்த எடுப்பில் ஆளை அளக்கிற கண். சுவரில் மளிகைக்கடைக் காலண்டர், அதற்குப் பின்னால் செருகியிருக்கிற பழுப்பு நிறக் கடிதம், பதினாலாம் தேதிக் கடிதம், வேறு எங்கே பார்த்தாலும் கண் அங்கேயே போகிறது. சின்னப் பையன்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னாள், அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை, தேத்தண்ணி வந்தது, இஞ்சி தட்டிப் போட்டு, பனங்கட்டித் துண்டு தனியாக.

சொல்லு, இப்போது சொல்லு. நான் கோட்டை விரித்தேன். இங்கிலாந்தின் குளிரைப் பற்றிச் சொன்னேன், பனி முழங்கால்வரை கிடக்கும் என்றேன், அந்தப் பல்கலைக்கழகத்தின் வயசைச் சொன்னேன், பூரணியைப் பற்றி அவர்கள் எழுதியிருந்த இரண்டு வரியைத் தமிழில் சொன்னேன், வாய் தானாக ஓடுகிறது, மேடையில் ஓடுகிற மாதிரி. "கொழுந்துக்கு வர்ற நோயப் பத்தியா படிக்கப் போறா?" என்று வீரம்மா கேட்டாள், ஆமாம்மா என்றேன், "அந்த நோயி வந்த வருசந்தான் எங்களுக்கு அரப்பேரு போட்டு அரநாள் சம்பளந்தான் குடுத்தாங்க, எடை கம்மின்னு" என்று சொல்லிக் கோட்டின் கைப்பகுதியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். முகம் மலரவில்லை. மாயாண்டி வாசற்படியில் குந்தியிருந்தார், வெளியே பார்த்தபடியே கேட்டார், "அய்யா, பாப்பா இப்புடிப் போறதுனால எங்க மனுவுக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?"

கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழுவது கேட்டது, பனங்கட்டி நாக்கில் கரையாமல் இருந்தது, வீரம்மா கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள், நாலு வாக்கியம், பஸ்ஸில் பாடம் பண்ணி வைத்திருந்த நாலு வாக்கியம்... "அது வேற கந்தோரு, இது வேற கந்தோருங்க மாயாண்டி, நீங்க ஏன் கவலப்படுறீங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். மாயாண்டி தலையை ஆட்டினார், ஒரு தரம் அல்ல, மெதுவாக நாலைந்து தரம், பிறகு எழுந்து மழையோடு மழையாக வெளியே போய்விட்டார், தூறலில் எங்கே போகிறார் என்று நினைத்தேன். வீரம்மா பெருவிரலை நீட்டினாள், நான் மைப்பெட்டியைத் திறந்தேன், அந்த விரலில் கொழுந்துக் கறை ஏறி ரேகையே தெரியாமல் கறுத்திருந்தது, அமுக்கியதும் கடுதாசியில் வந்தது ரேகை அல்ல, ஒரு கறுப்பு வட்டம், போதும், அது போதும், கந்தோர்க்காரர்களுக்குப் பழக்கம்தான். மடித்துப் பையில் வைத்தேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, அடேயப்பா, இவ்வளவுதானா, இதற்கா ஹட்டனிலிருந்து வேர்த்தேன் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

எழுந்தேன், அப்போது அவள் மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்து வந்தாள், தோட்டத்தில் மழைக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுக்கிற கம்பளி, மொரமொரவென்று ஆட்டுவாடை மாறாத கறுப்புக் கம்பளி, இரண்டு கம்பளியை வெட்டி ஒரு கோட்டாகத் தைத்திருந்தது, ஒரு கை மற்றதைவிட இரண்டு விரல் நீளம். "நோர்வூட் தையக்காரர்கிட்ட குடுத்துத் தச்சேங்கய்யா, இதப் பாப்பா போட்டுக்கிட்டுப் போகட்டும், உங்க கோட்ட நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிருங்க." எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, சீமையில் இதைப் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன சொல்வார்கள் என்று, "ஏம்மா, சபைக் கோட்டு நல்ல கோட்டும்மா" என்றேன். "நல்ல கோட்டுத்தாங்கய்யா. ஆனா அது திரும்பி வரணும்ல. இது வர வேண்டியதில்ல" என்றாள்.

அவள் சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை, பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்லச் சொன்னாள். "பாப்பா போன வாரமே பேராதனையிலேர்ந்து எல்லாத்தையும் விசாரிச்சு எழுதிட்டாங்கய்யா, சின்னவன் படிச்சிக் காட்டுனான். இதுல கைநாட்டு வச்சா பதினாலாந் தேதி எங்க மனு நிக்காது, அவளும் இங்கிட்டு வர முடியாது, வைக்காதம்மான்னுதான் எழுதியிருக்கா. நாங்க ரெண்டு பேரும் நாலு நாளா பேசுனோம். அவருக்கு மனசில்ல, மத்த நாலையும் எங்க கொண்டுபோயி விடுறதுங்கிறாரு, ஆனா வைக்காதன்னும் வாயால சொல்ல மாட்டேங்கிறாரு. செல்லசாமி அய்யா வருவாரு, வெவரம் தெரிஞ்சவரு, கேப்போம், அவரு என்னா சொல்றாரோ அத வச்சி முடிவு பண்ணுவோம்னுதான் இருந்தோம்." கம்பளிக் கோட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அன்னைக்கு நான் பொய் சொல்லலைங்கய்யா. பெத்துக்கப் போனவள வெளியூருக்குப் போனவன்னு யாரு சொல்லுவா? எனக்குத் தெரியல, இல்லேன்னேன். நீங்க தெரிஞ்சே இல்லேங்குறீங்க. அப்ப உங்களுக்குக்கூட எங்க மனு நிக்கும்ங்கிற நம்பிக்க இல்லேன்னு தெரிஞ்சிச்சு. அதான் வெரல நீட்டிட்டேன்." பிறகு, "மழ வலுக்கிறதுக்குள்ள போங்கய்யா, நாலு மணி பஸ்ஸ விட்டா ஆறு மணிக்குத்தான்" என்றாள், இதுவும் அதே குரலில்.

அப்படியா, அப்படியா நினைத்துக்கொண்டாள், நான் அதற்காகவா சொன்னேன், நம்பிக்கை இல்லாமலா சொன்னேன், ஓடிப்போய்க் கடுதாசியை அவள் கையில் கொடுத்துக் கிழி என்று சொல்லியிருக்க வேண்டாமா, சொன்னேனா, இறங்கி வந்துவிட்டேன், குறுக்குப் பாதையில் வழுக்கி வழுக்கி, வழியில் ஒரு தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் மாயாண்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், நனைந்துகொண்டு நின்றார், நான் கூப்பிடவில்லை, அவரும் திரும்பவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் இப்போது நானும் கோட்டும் மட்டும். இப்போது குளிர்கிறது, நன்றாகக் குளிர்கிறது, பல் கிட்டிக்கொள்கிறது, கையில் இவ்வளவு பெரிய கம்பளிக் கோட்டை வைத்துக்கொண்டு போட்டுக்கொள்ளத் தைரியமில்லை. நாளைக் காலை கடுதாசியைத் தபாலில் போட வேண்டும், போடாமலும் இருக்கலாம், கிழித்துவிட்டுத் தொலைந்துவிட்டது என்று தலைவரிடம் சொல்லலாம், அப்படியும் ஒரு பொய், இப்படியும் ஒரு பொய், போட்டால் ஆறு பேர், போடாவிட்டால் ஒருத்தி, வீரம்மா விரலை நீட்டியாயிற்று, அதை நான் இல்லையென்று ஆக்க முடியுமா...

ஆறு பேருக்காகப் பயந்தேன் என்றுதானே டிக்கோயாவிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தேன். பொகவந்தலாவைப் பக்கமிருந்து பஸ்ஸின் சத்தம் வளைவுக்கு வளைவு கேட்டும் கேட்காமலும் வருகிறது. கை விறைக்கிறது என்று கோட்டின் உள்பையில் விட்டேன், ஏதோ ஒரு காகிதம் கையில் தட்டும் என்று விரல் தேடியது, மூன்று வருசமாக அங்கே இருந்த சின்னராசாவின் சீட்டு, இல்லை, காலையில் எடுத்துவிட்டேன், பஸ் ஏறுவதற்கு முன்னால், ஜெயலெட்சுமி தோசைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இழுப்பறையில் வைத்துச் சாவியைத் திருப்பினேன், சொல்லலாமா வேண்டாமா என்று இந்த ரோடு முழுக்க நான் யோசித்துக்கொண்டு வந்தேனே, அதற்கெல்லாம் முன்னால், காலை எட்டு மணிக்கே, சாவியைத் திருப்பிவிட்டேன்.